மூன்றாம் எண் பாட்டில்

சிதம்பரத்தில் வேதியியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வேலையில் இருந்த காலத்தில் விடைத்தாள் திருத்தும் முகாம்களுக்குப் போவேன். கடைசிச் சில ஆண்டுகள் அங்கே தலைமைத் தேர்வாளர். மற்றவர்கள் போட்ட மதிப்பெண்ணை மாற்றும் அதிகாரம் அந்த நாற்காலிக்கு உண்டு. ஓய்வு பெற்ற பிறகு அந்த நாற்காலி இல்லாமல் கொஞ்ச காலம் தவித்தேன். பிறகு கடலூரில் வேறொரு நாற்காலி கிடைத்தது. அங்கே நான் மதிப்பெண் போட்டது ஸ்காட்ச் விஸ்கிக்கு.

அந்த நாற்காலி என் மனைவியின் தம்பி வீட்டு மாடியில் இருந்தது. அவரை நான் மச்சான் என்பேன், அவர் என்னை மாமா என்பார். கப்பலில் இன்ஜினியராக உலகம் சுற்றிவிட்டு கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் போகும் வழியில், சொந்த வீட்டில் தங்கிவிட்டவர். ஒவ்வொரு பயணம் முடிந்து வரும்போதும் ஒரு பாட்டில் ஸ்காட்ச் கொண்டுவந்து கீழ் அறை பீரோவில் அடுக்கிவைத்திருந்தார். அதிகம் குடிக்கிற ஆள் இல்லை. சிலர் தபால்தலை சேர்ப்பதில்லையா, அந்த மாதிரி.

2004இல் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கடல் வந்தபோது உப்பனாற்றின் வழியாக ஏறிய தண்ணீர் அவர் வீட்டின் கீழ் அறைகளிலும் புகுந்தது. முழங்கால் அளவு. வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தேவனாம்பட்டினத்தில் பிள்ளைகளைப் புதைத்துக்கொண்டிருந்த நாட்களில் விஸ்கி பாட்டில் என்ன ஆயிற்று என்று பார்க்க அவருக்கு மனம் வரவில்லை. பங்குக் கோயிலில், அதாவது அவர் போகும் சர்ச்சில், வீடிழந்தவர்களுக்கு அண்டா வைத்துச் சமைத்தார்கள், அங்கே போய் நின்றார். பீரோவைத் திறந்தது ஓராண்டுக்கும் மேல் கழித்துத்தான். மரம் உப்பி, கதவை நெம்பித் திறக்க வேண்டியிருந்தது. பாட்டில்கள் உடையவில்லை. ஆனால் கீழ்த்தட்டில் இருந்தவற்றின் லேபிள்கள் எல்லாம் ஊறி உரிந்து, அடியில் பசைக் கூழாகக் கிடந்தன.

சில பாட்டில்களை வடிவத்தை வைத்தே அடையாளம் கண்டுவிட்டார். ஐந்து பாட்டில்கள் மட்டும் ஒன்றுபோல இருந்தன. உயரமான பச்சைக் கண்ணாடி, எழுத்தில்லாத தக்கை மூடி. அந்த ஐந்தில் ஒன்றுதான் அவருடைய உயிர். ஓய்வு பெற்றுக் கப்பலை விட்டு இறங்கிய அன்று அவருடைய கேப்டன் கையில் கொடுத்தது. இருபத்தைந்து ஆண்டு மரப்பீப்பாயில் இருந்த சரக்கு. "முதல்ல தேன் வாசனை வரும். கொஞ்ச நேரம் கழிச்சு ஆரஞ்சுத் தோல நகத்தால கீறுன மாதிரி ஒண்ணு வரும். அது வந்தா அதுதான்" என்று கேப்டன் சொல்லியிருந்தாராம். மகள் கல்யாணத்தன்று சம்பந்தியின் கையில் அதை ஊற்றிக் கொடுக்க வேண்டும் என்று எடுத்து வைத்திருந்தார். இப்போது ஐந்தில் அது எது என்று தெரியவில்லை.

"கல்யாணம் நிச்சயமாவட்டும் மாமா. அப்போ நீங்க மோந்து பாத்து சொல்லுங்க. அதுவரைக்கும் இந்த அஞ்சையும் தொட மாட்டேன்" என்றார்.

என் மூக்குக்கு அப்படி ஒரு பெயர் இருந்தது. ஆய்வுக்கூடத்தில் மாணவன் தயாரித்த எஸ்டர் என்ற வாசனைச் சேர்மத்தைத் தூரத்தில் நின்றே வாழைப்பழமா, அன்னாசியா, வின்டர்கிரீன் தைலமா என்று சொல்லிவிடுவேன். மச்சானுக்கு அதில் பெரிய மதிப்பு. ஆகவே கல்யாணத்துக்கு முன்னால் பயிற்சியாக, மற்ற பாட்டில்களை ருசி பார்த்து மதிப்பெண் போட ஆரம்பித்தோம். 2006இல் தொடங்கியது.

மாதம் ஒரு ஞாயிறு. நானும் மனைவியும் சிதம்பரத்தில் சர்ச்சில் முதல் பூசை பார்த்துவிட்டுப் புறப்படுவோம். பாதையை அகலப்படுத்துகிறோம் என்று ரயிலை நிறுத்திவிட்ட காலம் நடுவில் வந்தது, அப்போதெல்லாம் பஸ்தான். கடலூரில் இறங்கும்போது என் மனைவி தலைக்குத் துண்டு கட்டியிருப்பாள், நான் மூக்குக்குக் கைக்குட்டை கட்டியிருப்பேன். மூக்கைப் பாதுகாப்பது தலைமைத் தேர்வாளரின் கடமை.

முறை எல்லாம் நான் வகுத்ததுதான். விடைத்தாளில் மாணவன் பெயரை மறைத்துப் பொய் எண் போடுவதுபோல, மச்சானின் மனைவி பாட்டில்களுக்குச் செய்தித்தாள் சுற்றி எண் எழுதுவார். அவர்தான் முகாம் அலுவலர். என்னை அண்ணே என்பார். கிளாஸ் கிடையாது. சிதம்பரத்தில் ஆய்வுக்கூடச் சாமான் விற்கும் கடையில் நான் வாங்கிய சின்ன பீக்கர்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் விஸ்கி, அதில் சில சொட்டுத் தண்ணீர். நிறத்துக்குப் பத்து, வாசனைக்கு நாற்பது, நாக்குக்கு முப்பது, தொண்டையில் இறங்கிய பின் நிற்பதற்கு இருபது. ஐம்பதுக்குக் கீழே போனால் ஃபெயில். பேசாமல் தனித்தனியாகத் துண்டுச் சீட்டில் எழுத வேண்டும். இருவர் மதிப்பெண்ணுக்கும் நடுவே பதினைந்துக்கு மேல் இடைவெளி இருந்தால் தலைமைத் தேர்வாளர் முடிவே இறுதி. தலைமைத் தேர்வாளர் நான். இதில் இருந்த அநியாயம் எங்கள் யாருக்கும் படவில்லை.

மதிப்பீடு நடக்கும்போது கீழே மீன் வறுக்கக் கூடாது என்பதும் விதி. மச்சான் மனைவி மசாலா தடவிய வஞ்சிரத்தை வைத்துக்கொண்டு மாடிப்படியின் அடியிலிருந்து கத்துவார்.

"அண்ணே, பேப்பரு திருத்தி முடிச்சாச்சா? மீனு காத்துக்கினு கெடக்கு."

"இன்னும் ஒரு பேப்பர் இருக்கும்மா."

"பாஸ் போட்டு அனுப்பி வுடுங்க. எல்லாம் நம்ம வூட்டுப் புள்ளைங்கதான."

வர்ணனைக்கு நாங்கள் ஆங்கிலப் புத்தகங்களை நாடவில்லை. கடலோரப் புகை விஸ்கி ஒன்றை மச்சான் "சுட்ட கருவாட்ட டிங்ச்சர்ல முக்குன மாதிரி" என்றார். அதற்கு எண்பத்திரண்டு போட்டார். இன்னொன்றுக்கு நான் "அடைமழைக்குப் பிறகு பழைய மர பீரோவைத் திறந்ததுபோல" என்றேன். "எம் பீரோவதான சொல்றீங்க" என்று சிரித்தார். பனங்கற்கண்டு, சாம்பிராணி, ஈரச் சாக்கு, முந்திரிப் பழம் எல்லாம் எங்கள் பட்டியலில் வந்தன. விலை உயர்ந்தது என்று பெயர் பெற்ற ஒன்று நாற்பத்தொன்று வாங்கி ஃபெயிலானது. செய்தித்தாளை உரித்துப் பார்த்தபோது மச்சானின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "நாலு கடல் தாண்டிக் கொணாந்தேன் மாமா இத." மறுதேர்வுக்கு வாய்ப்புண்டு என்று ஆறுதல் சொன்னேன்.

என் வாழ்க்கையில் அந்த ஞாயிறுகளைப்போல மனம் நிறைந்த பொழுதுகள் குறைவு. அதனால்தான் பின்னால் நான் செய்ததைச் செய்தேன்.

2008 மழைக்காலத்துக்கு முன் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. சளியும் தும்மலுமாக இரண்டு வாரம் படுத்தியது. காய்ச்சல் போனது, மூக்கின் வேலையும் அதோடு போனது. முதலில் எனக்கே தெரியவில்லை. ஒரு காலையில் கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கொல்லைப்பக்கம் துணி காயப் போட்டிருந்த மனைவி ஓடிவந்தாள்.

"ஏங்க, பாலு தீஞ்சு தெருமுன வரைக்கும் நாறுது. நீங்க இங்கதான குந்தினு இருக்கீங்க?"

நான் அடுப்படிக்குப் போய்க் கருகிய பாத்திரத்துக்கு மேல் குனிந்து மூச்சை இழுத்தேன். சூடு வந்தது, வேறொன்றும் வரவில்லை. காப்பித்தூள் டப்பாவைத் திறந்தேன். பெருங்காயம். அமிர்தாஞ்சனம் கண்ணில் எரிந்தது, மூக்கில் ஒன்றுமில்லை. டாக்டர், நரம்பு அடிபட்டிருக்கிறது, திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார். மனைவியிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன். தம்பியிடம் சொல்லாதே.

"அவங்கிட்ட சொன்னா இன்னா ஆயிடும்?"

"கல்யாணம் வரைக்கும் இருக்கட்டும்" என்றேன். மகள் கல்யாணம் நிச்சயமாகி, ஜனவரியில் கோயிலில் கல்யாண அறிவிப்பாக ஓலை வாசிக்க இருந்தார்கள். அந்த ஐந்து பாட்டிலுக்காக அவர் காத்திருந்ததும் எனக்குத் தெரியும். உண்மையைச் சொல்லியிருந்தால் அவரே சரியாகக் கண்டுபிடித்திருப்பார். அந்த வீட்டில் நான் வெறும் அக்கா புருஷனாகத் திரும்பியிருப்பேன். அதற்கு மனம் ஒப்பவில்லை.

அடுத்த ஞாயிறு ஒரு சீர்திருத்தம் கொண்டுவந்தேன். இனி முதலில் விவாதம், பிறகு மதிப்பெண். மச்சான் வெள்ளை மனசுக்காரர், ஒப்புக்கொண்டார். அவர் "புகை" என்றால் நான் "வேப்பங்கட்டைப் புகை" என்பேன். அவர் "இனிப்பு" என்றால் நான் "பாகு முத்துவதற்கு முந்தைய பதம்" என்பேன். வாய்மொழித் தேர்வில் தேர்வாளரின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லும் மாணவர்களைக் காலமெல்லாம் பார்த்தவன் நான். அந்த வித்தை எளிதாக வந்தது. பாராட்டும் கிடைத்தது.

ஐந்து பாட்டிலைத் திறந்த ஞாயிறு மட்டும் அது பலிக்கவில்லை.

"இன்னிக்கு விவாதம் வேணாம் மாமா. பழைய ரூல். நீங்க தனி, நான் தனி. நான் எதனா சொல்லி உங்க மூக்கக் கெடுத்துடக் கூடாது" என்றார் மச்சான். ஐந்து பீக்கர்கள் வரிசையாக நின்றன. பாட்டிலில் பிளாஸ்திரி ஒட்டி ஒன்று முதல் ஐந்து வரை எழுதியிருந்தது. ஜன்னல் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து அவர் மூன்றாவது பீக்கரில் வெகுநேரம் மூக்கை வைத்திருந்தார். முதுகு மட்டுமே எனக்குத் தெரிந்தது.

எனக்கு நாக்கில் இனிப்பும் கசப்பும் எரிச்சலும் மட்டும்தான் மிச்சம். நான்காவது நல்ல இனிப்பு. தேன் என்று கேப்டன் சொன்னதை நினைத்துக்கொண்டு அதற்கு எண்பத்தொன்பது போட்டேன். மூன்றாவது நாக்கில் காய்ந்து எரிந்தது. நாற்பத்துநான்கு.

சீட்டுகளைப் பிரித்தோம். மூன்றாவதற்கு மச்சான் போட்டிருந்தது தொண்ணூற்றொன்று.

அவர் சீட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "எனக்கு ஆரஞ்சுத் தோலு வந்துச்சே மாமா."

"மூணிலயா?"

"மூணுலதான். லேசா. கடைசில."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். அதற்குப் பதில், வகுப்பில் பேசும் குரலில், ஆசைப்பட்ட வாசனை மூக்குக்கு வந்துவிடும், மூளை செய்கிற வேலை அது, பழைய மரத்தின் புளிப்பைத்தான் நீங்கள் ஆரஞ்சு என்று எடுத்துக்கொண்டீர்கள் என்று விளக்கினேன். நன்றாகவே விளக்கினேன். அவர் தலையாட்டினார்.

"சீஃப் சொன்னா சரி. எஞ்சின் ரூம்ல டீசல் மோந்த மூக்கு என்னுது."

நான்காம் பாட்டிலின் மூடியை மெழுகு உருக்கி அடைத்துக் கல்யாணத்துக்கு வைத்தோம். ஃபெயிலான மூன்றாவதைத் தன் அக்காவிடம் கொடுத்தார். கேக்குக்குப் பழம் ஊறவைக்க அவள் ரம் தேடிக்கொண்டிருந்த சமயம். "இத ஊத்திக்கக்கா. பழத்துக்கு இது போதும்."

கிறிஸ்துமஸுக்கு அவர்கள் சிதம்பரத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். குடிலுக்குப் பக்கத்தில் மேசைமேல் கேக். மனைவி கத்தி வைத்ததுமே மச்சானின் மனைவி, "இன்னா அண்ணி, வாசன இப்டித் தூக்குது" என்றார். மச்சான் ஒரு துண்டை வாயில் போட்டு மென்றவர், அப்படியே நிறுத்தினார்.

"அக்கா, ஆரஞ்சுத் தோலு போட்டியா?"

நான் முந்திக்கொண்டேன். "கேக்குன்னா போடாம இருப்பாளா மச்சான்?"

"இல்லடா" என்றாள் மனைவி. அவளுக்கு நான் கண் காட்டியது தெரியவில்லையோ, தெரிந்தும்தான் சொன்னாளோ. "இந்த வருஷம் மறந்தே போனேன். திராட்ச, பேரீச்ச, முந்திரிதான். வெந்தப்புறம் நீ குடுத்தத மேல ரெண்டு தடவ ஊத்துனேன்."

மச்சான் என்னைப் பார்த்தார். கேள்வி மட்டும்தான் அந்தப் பார்வையில் இருந்தது, சந்தேகம் துளியும் இல்லை. நான் திராட்சையின் அமிலம், சூடு, சர்க்கரை என்று ஏதோ ஒரு வினையைச் சொன்னேன். அப்படி ஒரு வினை எந்தப் பாடத்திலும் கிடையாது. அவர் மறுபடி தலையாட்டிவிட்டுக் கேக்கைத் தின்றார். என் வாயில் அது வெறும் இனிப்பாகவும் ஈரமாகவும் இருந்தது.

ஜனவரியில் கல்யாணம் நன்றாக நடந்தது. மண்டபத்தின் பக்கத்து அறையில் மச்சான் நான்காம் பாட்டிலின் மெழுகைக் கீறி எடுத்துச் சம்பந்திக்கு ஊற்றினார். கேப்டனின் கதையைச் சொன்னார். சம்பந்தி மிக நல்ல மனிதர். பக்தியாகக் கேட்டார். "இருவத்தஞ்சு வருஷமா! அடேயப்பா!" என்று சொல்லிக்கொண்டே மேசையில் இருந்த கோலா பாட்டிலைத் திறந்து டம்ளர் விளிம்பு வரை நிரப்பினார். மச்சான் கண்ணை மூடித் திறந்தார். பிறகு சிரித்துக்கொண்டே தன் டம்ளரை உயர்த்தினார்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். ஞாயிறுகள் தொடர்ந்தன. பேச்சும் மீனும் சிரிப்பும் முன்புபோலவே. ஆனால் ஒன்று மாறிவிட்டது. மச்சான் முதலில் பேசுவதை நிறுத்திவிட்டார். பீக்கரை மோந்து பார்ப்பார், முகத்தில் ஏதோ ஓடும், உடனே என்னைப் பார்ப்பார். "நீங்க சொல்லுங்க மாமா." எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. பழைய வர்ணனைகளில் ஒன்றை எடுத்து விடுவேன். "அதான், அதான்" என்பார். சுட்ட கருவாட்டை டிங்ச்சரில் முக்கிக் காட்டிய மனிதர், பிறகு என் வாய்பாட்டைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். மூக்கில்லாதவனைப் பார்த்து மூக்குள்ளவர் எழுதிக்கொண்டிருந்தார். பாட்டில் போனதைவிட இதுதான் என்னை அரித்தது.

மனைவி அவ்வப்போது சொல்வாள். "சொல்லிடுங்க. அவன் கோச்சிக்கிற ஆளு இல்ல." கோபித்துக்கொள்ள மாட்டார் என்பதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

2012இல் மச்சானுக்குப் பேரன் பிறந்தான். முதுநகர் கோயிலில் ஞானஸ்நானம். அன்று காலை புறப்படும்போது மனைவி அடுப்படி அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு பச்சைப் பாட்டிலை இறக்கிப் புடவைத் துண்டில் சுற்றி என் பையில் வைத்தாள். பிளாஸ்திரியில் 3 என்ற எண் மங்கலாக இருந்தது. கால் பங்கு மிச்சம்.

"அந்த வருஷத்துக்கப்புறம் இத நான் கேக்குல ஊத்தல. ரம்மு வாங்கிக்கினேன்" என்றாள். பஸ்ஸில் வழி முழுக்கப் பையை மடியிலேயே வைத்திருந்தேன்.

கோயிலிலிருந்து வந்ததும் மச்சானை மாடிக்குக் கூப்பிட்டேன். பாட்டிலை மேசைமேல் வைத்தேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். எனக்கு 2008லிருந்து வாசனை தெரியாது, அன்று மூன்றாம் எண்ணுக்கு நான் போட்டது குருட்டு மதிப்பெண், கேக்கில் நீங்கள் உணர்ந்தது உண்மை, கேப்டனின் பாட்டில் இதுதான், உங்கள் மூக்கை நம்பாதபடி செய்தவன் நான். கடைசி வாக்கியத்தைச் சொல்லி முடிக்கச் சிரமப்பட்டேன்.

மச்சான் பாட்டிலைக் கையில் எடுத்தார். பிளாஸ்திரியை விரலால் தடவினார்.

"நாலு வருஷமா பூண்டு, பெருங்காயம், ஒண்ணும் தெரியாதா?"

"தெரியாது மச்சான்."

"கருவாடு?"

"தெரியாது."

"ஐயோ மாமா" என்றார். அந்த மனிதருக்கு முதலில் வந்தது எனக்கான பரிதாபம். அதன்பின் பாட்டிலைக் கீழே வைத்தார். "எனக்கு என் மேலதான் கோவம். மூக்கு கரெக்டா சொல்லுச்சு. நாந்தான் நம்பல."

"நம்ப விடாதது நான்."

"ஆமா. நீங்கதான்" என்றார். மறுக்கவில்லை. அது எனக்கு வேண்டியிருந்தது.

திடீரென்று அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். "அன்னிக்கு நீங்க கரெக்டா மார்க் போட்டிருந்தீங்கன்னா, சம்பந்தி இதுலதான மாமா கோலாவ ஊத்தியிருப்பாரு!"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கீழே சம்பந்தி பேரனைக் கொஞ்சும் சத்தம் கேட்டது. "கதவ சாத்துங்க, மேல வந்துடப் போறாரு" என்றார் மச்சான்.

பீக்கர்களை எடுத்தேன். இரண்டு ஸ்பூன், சில சொட்டுத் தண்ணீர். அவர் மோந்து பார்த்தார். பழக்கத்தில் என்னை நோக்கித் திரும்பியவர், பாதியில் நிறுத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். சீட்டில் எழுதி என்னிடம் நீட்டினார். எண்பத்தெட்டு.

"மூணு மார்க் உங்க வூட்டு அலமாரில போயிடுச்சு. இருந்தாலும் வருது மாமா. மொதல்ல தேனு. தேனுன்னா கடத்தேனு இல்ல, கூட்ட அப்பிடியே புட்டா வருமே, மெழுகோட, அது. இப்போ... இருங்க... ஆரஞ்சு. நகத்துல கீறுனா கண்ணுல தெறிக்குமே, அந்த ஆரஞ்சு."

நான் என் பீக்கரைக் குடித்தேன். காய்ந்த எரிச்சல்தான். ஆனால் அவர் சொல்லச் சொல்ல அந்த நகம் எனக்குத் தெரிந்தது.

"வால்யுவேஷன்ல மால்பிராக்டிஸ் பண்ணா இன்னா தண்டன மாமா?" என்றார்.

"மாணவனா இருந்தா சில தேர்வு எழுத விட மாட்டாங்க. ஆசிரியருக்கு வாழ்நாள் தடை."

"அப்போ வாழ்நாள் தடை. இனிமே நீங்க மார்க் போடக் கூடாது. ஆனா மாசாமாசம் வரணும். ஊத்தறது, நம்பர் போடறது, நான் சொல்றத எழுதறது உங்க வேல. அவளுக்கும் ஒரு வேல கொறையும்."

படிக்கட்டின் அடியிலிருந்து முகாம் அலுவலரின் குரல் வந்தது. "பேப்பரு முடிஞ்சுதா? மீன போடலாமா?"

மச்சான் என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். மார்க் போடாவிட்டாலும் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான்தான்.

"ஒரே ஒரு பேப்பர்தாம்மா. பாஸ். மீனைப் போடு" என்று கத்தினேன். கொஞ்ச நேரத்தில் கீழே எண்ணெயில் மீன் விழுந்து இரையும் சத்தம் கேட்டது. மச்சான் மூச்சை இழுத்தார். "வஞ்சிரம் மாமா. மிளகு ஜாஸ்தி" என்றார். நான் எழுதிக்கொண்டேன்.